அம்மாவும் அப்பாவும் ரோமுக்குத் திருப்பயணம் போகிறார்கள், பிக்பாக்கெட்டை நினைத்துத்தான் பயம்

மயிலாடிக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பங்கில் இருந்து முப்பத்திரண்டு பேர் அடுத்த மாதம் இத்தாலியில் ரோம், அசிசி, பதுவை என்று பத்து நாள் திருப்பயணம் போகிறார்கள். அதில் என் அம்மாவும் அப்பாவும் உண்டு. அம்மாவுக்கு 66, அப்பாவுக்கு 71. வேளாங்கண்ணி, கோவா தாண்டி இதுவரை எங்கும் போனதில்லை. நான் கூடப் போகலாம் என்றால் சின்னவனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை.

ரோமில் ஜேப்படித் திருடர்கள் அதிகம் என்று ஆபீஸில் ஒருவர் சொன்னதில் இருந்து எனக்குத் தூக்கம் இல்லை. டிராவல்ஸ்காரரிடம் கேட்டால் "குரூப்பாகத்தானே போறாங்க, ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் சொல்கிறார். அது போதவில்லை. "ஜாக்கிரதையாக இரு" என்று நான் சொன்னால் அம்மா தலையாட்டிவிடுவாள், ஆனால் எதற்கு ஜாக்கிரதை என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. திருடர்கள் என்னதான் செய்வார்கள்? எந்த இடத்தில், எப்படி? போனவர்கள் விவரமாகச் சொன்னால் நான் அம்மாவை உட்காரவைத்துப் படித்துக் காட்டுவேன்.

பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்கணுமா, ரூமில் விடலாமா? பணம் எவ்வளவு கொடுத்துவிடலாம்? தாலிச் செயினைக் கழற்ற மாட்டேன் என்கிறாள். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள். நாகர்கோவிலில் புதிதாக ஒரு தோள்பை வாங்கியிருக்கிறாள். ஜிப் பின்பக்கம் இருக்கிறது, அது நல்லதா கெட்டதா?

முளகுமூடு டீச்சர்:

மோளே, உன் கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். எனக்கு நடந்ததை முழுசாகச் சொல்கிறேன், நீளமாக இருந்தாலும் பொறுத்துக்கொள்.

2022 மே மாதம், விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த நம்ம ஊர் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது அம்மையை அழைத்துக்கொண்டு நானும் ரோமுக்குப் போனேன். அவர் பிறந்த நட்டாலம் எங்கள் பக்கம்தான். சின்ன வயதில் இருந்தே நட்டாலத்துக்கும் ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்கும் போய்ச் செபித்து வளர்ந்தவள் அம்மை. தம்பி துபாயில் இருந்து பணம் அனுப்பினான். வத்திக்கானில் பேதுரு சதுக்கத்தில் தேவசகாயத்தின் படம் தொங்கியதைப் பார்த்து அம்மை அழுதது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை, 15-ஆம் தேதி, அவ்வளவு கூட்டத்திலும் எங்களுக்கு ஒரு குண்டூசிகூடத் தொலையவில்லை.

மறுநாள் காலையில்தான் போயிற்று. டெர்மினி ரயில் நிலையத்துக்கு முன்னால் 64-ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறினோம். டெர்மினியில் இருந்து வத்திக்கான் பக்கம் போகிற பஸ் அது. வெளியூர்க்காரர்கள் அதில் நிறைய ஏறுவார்கள் என்பதால் திருடர்களும் அதில் ஏறுகிறார்கள் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நடந்தது இப்படி. நான்கு பெண்பிள்ளைகள், எங்கள் பள்ளிக்கூடத்து பிளஸ் டூ பிள்ளைகள் வயது. துவைத்த உடுப்பு, வாரிய தலை, ஒருத்தி கையில் ஊர் மேப், இன்னொருத்தி கையில் மடித்துப் போட்ட கோட். எங்களைப் போல ஊர் பார்க்க வந்தவர்கள் என்றே நினைத்தேன். ஒருத்தி எங்களுக்கு முன்னால் படியில் ஏறி, உள்ளே போகாமல் அப்படியே நின்றுவிட்டாள். பையில் எதையோ தேடினாள். பின்னால் இருந்தவள் எங்களைத் தள்ளினாள். அம்மை நடுவில் மாட்டிக்கொண்டாள். பக்கத்தில் நின்றவளின் கோட் அம்மையின் தோள்பைமேல் கிடந்தது. கோட்டுக்கு அடியில் கை. அது எனக்கு இப்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை. பத்து நொடி இருந்திருக்காது. முன்னால் நின்றவள் "சாரி, சாரி" என்று இறங்கினாள். கதவு மூடுவதற்குள் மற்ற மூன்று பேரும் இறங்கிவிட்டார்கள். பஸ் கிளம்பியது. "பாவம், பஸ் மாறி ஏறிட்டாங்கபோல" என்று நான் அம்மையிடம் சொன்னேன்.

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாக் கூட்டத்தில் இடிபட்டுப் பழகியவர்கள் நாம். ஒருவர் மேலே உரசினால் நமக்கு உறைப்பதே இல்லை. வடசேரியில் பஸ் ஏறுகிறவர்களுக்கு அது தினசரி நடப்பு. இதைத்தான் உன் அம்மாவுக்கு முதலில் சொல்லிப் புரியவைக்கணும். அங்கே உள்ளே இடம் இருக்கும்போதே ஒருவர் வாசலில் நின்று வழியை மறித்தால், பின்னால் ஒருவர் ஒட்டினால், அந்த நொடியில் இரண்டு கையும் பைமேல் போகணும். வெட்கப்பட வேண்டாம், திரும்பி முகத்தைப் பார்க்கணும். பார்த்துவிட்டாலே அவர்கள் விலகிவிடுகிறார்கள் என்று ரோமில் இருக்கும் நம்ம ஊர் கன்னியாஸ்திரி ஒருவர் எங்களுக்குச் சொன்னார்.

இனி சொல்லப்போவதுதான் நான் உட்கார்ந்து எழுதியதற்குக் காரணம்.

சதுக்கத்தில் செபமாலையை எடுக்கப் பையைத் திறந்தபோதே அம்மை கண்டுவிட்டாள். அப்போது காலை பத்தரை மணி. என்னிடம் சொல்லவில்லை. பேராலயத்துக்குள் போனோம், பூசை கண்டோம், மதியம் சாப்பிட்டோம், கொலோசியத்தைப் போய்ப் பார்த்தோம். அம்மை எல்லாவற்றுக்கும் கூடவே வந்தாள். களைப்பு என்று நினைத்தேன். இரவு ஒன்பது மணிக்கு ரூமில் பெட்டியைத் தலைகீழாகக் கொட்டித் தேடிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கேட்டேன். பாஸ்போர்ட், 280 யூரோ, வெளிநாட்டுச் செலவுக்கு வாங்கிய கார்டு, எல்லாம் அந்தப் பர்ஸில். கார்டின் ரகசிய எண்ணை மறந்துவிடுவாளே என்று நான்தான் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கூட வைத்திருந்தேன். அந்தத் தப்பு என்னுடையது.

மெயிலைத் திறந்து பார்த்தால் வங்கியில் இருந்து மூன்று தகவல் கிடந்தது. முதல் முறை எடுத்தது பதினொன்றே கால் மணிக்கு. கடைசியாக எடுத்தது மத்தியானம் இரண்டு மணிக்கு. மொத்தம் 750 யூரோ. பத்தரைக்கே என்னிடம் சொல்லியிருந்தால் கூட வந்தவர் போனை வாங்கியாவது வங்கியைக் கூப்பிட்டுக் கார்டை முடக்கியிருப்பேன். அந்தப் பணம் அப்படியே இருந்திருக்கும்.

"ஏன் அம்மை சொல்லல?" என்று கேட்டதற்கு, "உன் தம்பி வெயில்ல நின்னு சம்பாதிச்ச காசு. புனித இடத்துல வந்து தொலைச்சுட்டேன்னு எந்த வாயால சொல்லுவேன்" என்றாள். நான் அன்றைக்கு அவளை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஆனால் ஏசுவேன் என்று அவள் பகல் முழுக்கப் பயந்திருக்கிறாள். வீட்டில் ஒரு டம்ளர் உடைந்தால்கூட நாங்கள் பேசுகிற பேச்சு அப்படி. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அதனால் மோளே, பை, பூட்டு, ஜிப் எல்லாம் அப்புறம் பார். கிளம்புவதற்கு முன்னால் அம்மாவையும் அப்பாவையும் ஒன்றாக உட்காரவைத்து, "எது தொலைந்தாலும் யாரும் யாரையும் ஏசக் கூடாது, அந்த நிமிடமே குரூப் லீடரிடம் சொல்லணும், எனக்குப் போன் பண்ணணும், ராத்திரி இரண்டு மணி ஆனாலும் பண்ணணும்" என்று சொல்லு. அப்பாவிடம் தனியாக இன்னொரு முறை சொல்லு. பெரும்பாலும் ஏசுகிறவர் அவராகத்தான் இருப்பார்.

பாஸ்போர்ட் தொலைந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் போலீஸில் புகார் எழுதிக்கொடுத்து நகல் வாங்கணும். அதை அங்கே டெனூன்சியா என்கிறார்கள். அந்தக் காகிதத்தோடு இந்தியத் தூதரகத்துக்குப் போகணும். டெர்மினியில் இருந்து நடக்கிற தூரம்தான், வியா வென்டி செட்டெம்ப்ரே என்ற தெருவில் இருக்கிறது. பழைய பாஸ்போர்ட்டின் நகல், போட்டோ எல்லாம் கேட்பார்கள். நான் நகலை என் மெயிலில் போட்டு வைத்திருந்ததால் தப்பித்தோம். நாடு திரும்புவதற்கு மட்டும் செல்லுகிற அவசரச் சான்றிதழ் ஒன்று தந்தார்கள். ஆனால் இதற்கெல்லாம் நாள் ஆகும். குரூப் பஸ் பதுவைக்குப் போன அன்றைக்கு நாங்கள் ரோமில் காகிதத்தோடு அலைந்துகொண்டிருந்தோம். ரோமைவிட அம்மைக்குப் பெரிய ஆசை பதுவை அந்தோணியார் கோயில். அது நடக்கவில்லை.

குளச்சல் மாலுமி:

டீச்சர் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. கார்டு, போன் விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன். எங்கள் கப்பல் சிவிதவெக்கியா துறைமுகத்தில் நிற்கும். அங்கிருந்து ரயிலில் ரோமுக்கு ஆறேழு முறை போயிருக்கிறேன்.

அக்கா, இந்திய வங்கிக் கார்டு என்றால் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே ஆப்பில் திறந்துவிடணும், இல்லாவிட்டால் அங்கே வேலை செய்யாது. திறக்கும்போதே ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பைக் குறைத்து வையுங்கள். அட்டையைத் தட்டிப் பணம் கட்டுகிற வசதியை மூடிவிடலாம், ஏனென்றால் அதில் சின்னத் தொகைக்கு ரகசிய எண் கேட்காது. ஆப் உங்கள் போனில் இருக்கட்டும். அம்மா அங்கிருந்து ஒரு போன் பண்ணினால் நீங்கள் மயிலாடியில் இருந்தே ஒரு விநாடியில் முடக்கிவிடலாம். நம்ம நேரம் அவர்களுக்கு மூன்றரை மணி முன்னால், குளிர்காலத்தில் நாலரை மணி முன்னால். அதையும் மனதில் வையுங்கள். வங்கியிடம் சொன்ன பிறகு எடுக்கப்படும் பணத்துக்கு நாம் பொறுப்பில்லை என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதனால் சொன்ன நேரத்துக்கு ஆதாரமாகப் புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மெட்ரோவில் கதவுப் பக்கம் நின்று போன் பார்க்கக் கூடாது. கதவு மூடப் போகிற நேரம் பார்த்துப் பறித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் குதித்துவிடுவான். என் கூட வேலை பார்த்த ஒரு பையனுக்கு ஸ்பான்யா ஸ்டேஷனில் இப்படித்தான் போயிற்று. போனுக்குள் இருக்கும் சிம்முக்கும் ஒரு பூட்டு எண் போடலாம், ஊரிலேயே போட்டுப் பழக்கிவிடுங்கள். போன் பூட்டியிருந்தாலும் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி அவனுக்கு வந்துவிடும். ஸ்டார் ஹேஷ் சைபர் ஆறு ஹேஷ் அடித்தால் அந்தப் போனின் அடையாள எண் (ஐஎம்இஐ) வரும், அதைக் குறித்து வையுங்கள்.

டெர்மினியில் டிக்கெட் மெஷின் பக்கத்தில் "ஹெல்ப், ஹெல்ப்" என்று ஒருவர் வந்து நமக்காகப் பட்டனை அமுக்குவார். சில்லறை கேட்பார், அல்லது நாம் பர்ஸை எங்கே வைக்கிறோம் என்று பார்ப்பார். அவரிடம் எதுவும் பேச வேண்டாம், மெஷினை விட்டு நகர்ந்துவிடுவது நல்லது. ஏடிஎம்மில் "ரூபாயில் கணக்குப் போடவா, யூரோவிலா" என்று கேட்டால் யூரோ. ரூபாய் என்றால் மாற்று விலையில் நிறையப் பிடித்துவிடுவார்கள். அது திருட்டில் சேராது, ஆனாலும் நம்ம பணம்தானே.

போலீஸ் என்று சொல்லிக்கொண்டு சாதாரண உடுப்பில் ஒருவர் வந்து "பர்ஸைக் காட்டு, கள்ளநோட்டு இருக்கிறதா பார்க்கணும்" என்றால் கொடுக்கக் கூடாது. "போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவோம்" என்று சொல்லச் சொல்லுங்கள். அவசரத்துக்கு 112.

இன்னொன்று, தெருவில் துணி விரித்துப் பெரிய கம்பெனிப் பெயர் போட்ட கைப்பை விற்பார்கள். இத்தாலியில் போலிப் பொருளை வாங்குகிறவருக்கும் அபராதம் உண்டு, 300 யூரோவில் இருந்து 7,000 யூரோ வரை. குரூப்பில் எல்லோருக்கும் சொல்லுங்கள், இது பலருக்குத் தெரியாது.

முக்கடல் சங்குக்கடை:

நான் ரோமுக்குப் போனதில்லை. கன்னியாகுமரியில் கடற்கரைக்குப் போகிற வழியில் பத்தொன்பது வருடமாகச் சங்கு, சிப்பி, பாசி மாலைக் கடை வைத்திருக்கிறேன். வெளியூர்க்காரர்கள் எப்படி ஏமாறுகிறார்கள் என்பதைத் தினமும் எதிர்ப்பக்கத்தில் இருந்து பார்க்கிறவன். அந்த அம்மாவுக்கு இது உதவும் என்று நினைத்து எழுதுகிறேன்.

கையில் கொடுத்துவிடுவதுதான் முதல் வேலை. "வாங்க வேண்டாம்மா, சும்மா பாருங்க" என்று முத்துமாலையைக் கையில் வைத்துவிடுவார்கள். அல்லது குழந்தையின் கழுத்தில் போட்டுவிடுவார்கள். கையில் வந்த பொருளைக் கீழே போட நம்ம ஆட்களுக்கு மனம் வராது. திருப்பிக் கொடுத்தால் விற்கிறவர் வாங்க மாட்டார், கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். அப்புறம் விலை பேசியே ஆகணும். பிளாஸ்டிக் பாசி முத்து என்று போகும். வேறு ஏதோ இனச் சங்கு வலம்புரி என்று ஆயிரக்கணக்கில் போகும். வலம்புரி அபூர்வத்திலும் அபூர்வம், தெருவில் கூடையில் கிடைக்கிற பொருள் அல்ல. நாலு வருடத்துக்கு முன்னால் ராஜஸ்தானில் இருந்து வந்த ஒரு பாட்டி அப்படி வாங்கிய சங்கைக் கொண்டுவந்து என் கடையில் காட்டி "இது உண்மைதானே பேட்டா" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை, சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை. சொன்னேன். அந்தப் பாட்டி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நம்ம ஊருக்கு வந்தவர் அப்படித் திரும்பிப் போனது எனக்குப் பெரிய வேதனை.

அதனால் யார் எதை நீட்டினாலும் கை நீளக் கூடாது. கையில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் இன்னொன்றை வாங்கத் தோன்றாது. அம்மா ஒரு கையில் செபமாலையும் இன்னொரு கையால் அப்பாவின் கையையும் பிடித்துக்கொண்டு நடக்கட்டும்.

இரண்டாவது, எல்லோரும் ஒரே பக்கம் பார்க்கிற நேரம். எங்கள் ஊரில் சூரியன் எழும் அந்த ஐந்து நிமிடம். எல்லோர் கண்ணும் கடலில், எல்லோர் கையும் போனில், பை காலடியில் படிக்கட்டில். பை போனது என்று வருகிறவர்களில் நிறையப் பேர் அந்த நேரத்தில்தான் இழந்திருக்கிறார்கள். ரோமில் அப்படி எல்லோரும் ஒரே பக்கம் பார்க்கிற இடம் எது என்று டீச்சருக்குத் தெரிந்திருக்கும்.

மூன்றாவது, ஊர் பெயரைச் சொல்லிப் பேசுவது. "அம்மா மதுரையா? எனக்கும் மதுரைதான்" என்று ஆரம்பித்தால் யாருக்கும் முகம் திருப்ப முடியாது. அங்கேயும் "இந்தியாவா, நமஸ்தே" என்று கூப்பிடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். ஊர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவனுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று அம்மாவுக்கு இப்போதே பழக்கிவையுங்கள். பேசுவது தப்பு என்று சொல்லவில்லை. நின்று பேச வேண்டாம்.

முளகுமூடு டீச்சர்:

முக்கடல் தம்பி, அந்த இடம் ட்ரெவி நீரூற்று. தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று, வலது கையால் இடது தோளுக்கு மேலே காசு எறிவார்கள். எறிந்தால் மறுபடி ரோமுக்கு வருவோம் என்று ஒரு நம்பிக்கை. அப்போது கூட வந்தவர் போட்டோ எடுப்பதில் இருப்பார், பை பின்னால் தொங்கும். மோளே, உன் அம்மா காசு எறியட்டும், ஆனால் பை அப்பாவின் கையில் இருக்கணும், போட்டோவை வேறு யாராவது எடுக்கட்டும். வத்திக்கானில் சிஸ்டைன் சிற்றாலயமும் அப்படித்தான், கூரையில் இருக்கிற ஓவியத்தைப் பார்க்க எல்லோர் தலையும் மேலே. பையை முன்னால் தொங்கவிட்டு ஜிப்பின்மேல் கை வைத்துக்கொண்டு மேலே பார்க்கலாம். அம்மா வாங்கிய பையில் ஜிப் முதுகுப்பக்கம் என்றால் நல்லதுதான், வயிற்றோடு ஒட்டி முன்னால் போட்டால் ஜிப் உடம்புப் பக்கம் வந்துவிடும்.

கையில் திணிக்கிற ஆட்களைப் பற்றித் தம்பி சொன்னது முழுக்க உண்மை. கொலோசியம் பக்கத்திலும் சதுக்கங்களிலும் "ப்ரீ, ப்ரீ, கிஃப்ட்" என்று நூல் கயிற்றை மணிக்கட்டில் கட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். ரோமானியப் படைவீரன் வேஷத்தில் நிற்பவரோடு போட்டோ எடுத்தாலும் காசு. ரோஜாப் பூ நீட்டினாலும் காசு.

நம்ம பக்திக்காரர்களைக் குறிவைத்து வருகிற ஏமாற்று வேறு. அதைத்தான் உன் அம்மாவுக்கு விளக்கிச் சொல்லணும். பேதுரு பேராலயத்துக்குள் போகக் கட்டணம் கிடையாது, சோதனை வரிசையில் நின்றால் போதும். மேலே குவிமாடத்தில் ஏறத்தான் காசு. புதன்கிழமை திருத்தந்தையின் பொதுச் சந்திப்புக்கும் அனுமதிச் சீட்டு இலவசம். வரிசை இல்லாமல் உள்ளே விடுகிறேன், சீட்டு வாங்கித் தருகிறேன் என்று கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு வழியில் நிற்கிறவர்களிடம் ஒரு யூரோவும் கொடுக்க வேண்டாம். "இது திருத்தந்தை மந்திரித்த செபமாலை" என்று கூடுதல் விலை சொன்னாலும் வேண்டாம். சாதாரணக் கடையில் நாலு செபமாலை வாங்கி, புதன்கிழமை சதுக்கத்தில் கையில் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். கடைசியில் அவர் கொடுக்கிற ஆசீர் நம் கையில் இருக்கிற பொருள்களுக்கும் சேர்த்துத்தான். அம்மை தன்னுடைய பழைய மரச் செபமாலையையே பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாஸ்போர்ட் பற்றிக் கேட்டிருந்தாய். ஊர் மாறுகிற நாளில் உடம்போடு இருக்கணும், மற்ற நாளில் ஓட்டல் ரூம் லாக்கரில். நகல் ஒன்று தோள்பையில். நான் இப்போது பயணம் போனால் உள்பாவாடையில் ஜிப் வைத்த பை தைத்துத்தான் போகிறேன். நீளம் 16 சென்டிமீட்டர், அகலம் 12 இருந்தால் பாஸ்போர்ட் மடங்காமல் படுக்கும். இடுப்புக்கு ஒரு சாண் கீழே, தொடையின் முன்பக்கம் வரணும். பின்பக்கம் வைத்தால் உட்காரும்போது உறுத்தும். இரண்டு பாவாடைக்குத் தைத்துக்கொடு, ஒன்றை நனைத்தால் இன்னொன்று வேண்டும். பணம் அன்றன்றைக்கு 40, 50 யூரோ தோள்பையில் போதும், மற்றது உள்பையில், இன்னொரு பங்கு அப்பாவிடம். அப்பா வேட்டியா பேன்ட்டா தெரியவில்லை. பேன்ட் என்றால் பின் பாக்கெட்டில் எதுவும் வைக்கக் கூடாது.

தாலிச் செயினுக்கு நான் யாரையும் வற்புறுத்த மாட்டேன். என் அம்மையும் கழற்றவில்லை. ரவிக்கைக்குள் விட்டு ஊக்கு குத்தி, மேலே ஸ்வெட்டரை கழுத்து வரை போட்டுவிட்டாள். வளையல், நெக்லஸ் எல்லாம் வீட்டில் இருக்கட்டும்.

மயிலாடிக்காரி:

டீச்சர், மாலுமி அண்ணன், முக்கடல் அண்ணன், மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் அம்மாவையும் அப்பாவையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சத்தமாகப் படித்தேன். பஸ் கதவில் நடந்ததை நாங்கள் நடித்தே பார்த்தோம். சின்னவன் முன்னால் நின்று மறித்தான், நான் பின்னால் தள்ளினேன், பெரியவள் துண்டைப் பைமேல் போட்டாள். முதல் முறை பர்ஸை எடுத்தது அம்மாவுக்குத் தெரியவே இல்லை. நாலாவது முறை சட்டென்று திரும்பிப் பெரியவளின் கையைப் பிடித்துவிட்டாள். அந்தச் சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்கணும்.

டீச்சர் சொன்ன அந்த ஏசக் கூடாது விஷயத்தைப் படித்தபோது அப்பா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மாவைப் பார்த்து, "எதுனாலும் எங்கிட்ட முதல்ல சொல்லு" என்றார். அவ்வளவுதான். முப்பத்தெட்டு வருடத்தில் அப்பா அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

குரூப்பில் மற்றவர்களுக்கும் இந்த ஞாயிறு பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் சொல்லப் போகிறேன். பங்குத்தந்தை அரை மணி நேரம் தந்திருக்கிறார். வயதானவர்கள் பஸ்ஸில் ஏறும்போது நடுவில் ஏறட்டும், முன்னும் பின்னும் நம்ம ஆட்களே நிற்கட்டும் என்று அவரே யோசனை சொன்னார்.

அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள். "அந்த டீச்சரோட அம்மை அதுக்குப் பிறகு பதுவைக்குப் போனாளா?"

முளகுமூடு டீச்சர்:

இல்லை மோளே. அம்மைக்கு இப்போது 83. முட்டு இரண்டும் போய்விட்டது, கோயிலுக்கே நாற்காலியில்தான் கொண்டுபோகிறோம். செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோணியார் நவநாள் செபத்தை வீட்டில் இருந்தே சொல்லுகிறாள்.

மயிலாடிக்காரி:

டீச்சர், அம்மா சொல்கிறாள், உங்கள் அம்மையிடம் ஒரு காகிதத்தில் விண்ணப்பம் எழுதி வாங்கித் தாருங்கள். பதுவையில் அந்தோணியாரின் கல்லறைக் கல்லில் கை வைத்துச் செபிப்பார்களாம், கடிதமும் போட்டோவும் அங்கே வைப்பார்களாம். அம்மா கொண்டுபோய் வைத்துவிட்டு, உங்கள் அம்மைக்காகவும் ஒரு கையை வைத்துச் செபித்துவிட்டு வருகிறாளாம். முளகுமூட்டுக்கு நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

முளகுமூடு டீச்சர்:

அம்மையிடம் படித்துக் காட்டினேன். எழுதத் தொடங்கிவிட்டாள், கை நடுங்குவதால் இரண்டு வரிக்கு ஒரு முறை நிறுத்துகிறாள். நான் எழுதித் தருகிறேன் என்றால் விடமாட்டேன் என்கிறாள். சனிக்கிழமை வா. அதற்கு முன்னால் தையல்காரரிடம் போனால் அந்த உள்பையை 12 சென்டிமீட்டர் வேண்டாம், 13 ஆகத் தைக்கச் சொல்லு. கடிதமும் பாஸ்போர்ட்டோடு அதிலேயே இருக்கட்டும்.